14 நாள் பாண்ட், ராத்திரி ஒன்றரை மணி நேரம்: எந்த குவெஸ்ட் முதல்ல?

கம்பெனிபஸ்_5

வணக்கம். ஓல்டு ஸ்கூல் ரூன்ஸ்கேப்ங்கிற ஆன்லைன் கேம்ல டுட்டோரியல் தீவை இப்பதான் முடிச்சேன். இருக்கிறது சுங்கை சிப்புட், வேலை ஈப்போவுல. ராத்திரி 9ல இருந்து 10.30 வரைக்கும்தான் கம்ப்யூட்டர். காலையில கம்பெனி பஸ்ல கைப்பேசியில கொஞ்ச நேரம் கிடைக்கும். ஒரு பாண்ட் (14 நாள் மெம்பர்ஷிப் குடுக்கிற டோக்கன்) கையில இருக்கு, இன்னும் போடலை. குவெஸ்ட் (கேம்ல குடுக்கிற கதைப் பணி) எல்லாமே விருப்பப்பட்டா செய்யலாம்னுதான் இருக்கு. அப்போ எதைச் செய்யணும், எதை விடணும்? முதல்ல அடிச்சு லெவலை ஏத்திட்டு, அப்புறம் குவெஸ்ட்டுக்குப் போகலாமா?

செம்பனை_77

தம்பி, அந்தக் கடைசி வரியைத் தலைகீழா மாத்துங்க. குவெஸ்ட் குடுக்கிற எக்ஸ்பி (அனுபவப் புள்ளி) எந்த லெவல்ல செஞ்சாலும் ஒரே அளவுதான். வாட்டர்ஃபால் குவெஸ்ட் அட்டாக்குக்கு 13,750, ஸ்ட்ரெங்த்துக்கு 13,750 குடுக்கும். லெவல் 1ல வாங்கினா நேரா 30. அதையே 60ல வாங்கினா அரை லெவல்கூட ஏறாது. கோழியையும் மாட்டையும் அடிச்சு 30 வரைக்கும் ஏறிட்டு அப்புறம் இதைச் செய்றது சுத்த வேஸ்ட்.

பாண்ட்டை இன்னிக்கே போடாதீங்க. அந்த 14 நாள் நீங்க தூங்கினாலும் ஷிப்ட்ல நின்னாலும் ஓடிக்கிட்டேதான் இருக்கும். முதல்ல இலவச குவெஸ்ட்டுங்களை முடிங்க.

டோரிக்ஸ் குவெஸ்ட்டுக்கு 6 களிமண், 4 செம்புத்தாது, 2 இரும்புத்தாது வேணும். நாமே தோண்டலாம்னு போனா இரும்புல மாட்டிக்குவோம், அதுக்கு மைனிங் 15 கேக்கும். கிராண்ட் எக்ஸ்சேஞ்சுல (கேமுக்குள்ள இருக்கிற சந்தை) வாங்கி எடுத்துக்கிட்டுப் போங்க, ஃபலடோருக்கு வடக்கே இருக்கிற டோரிக் கையில குடுத்தா வேலை முடிஞ்சது. 1,300 எக்ஸ்பி, மைனிங் 10. அந்த 10தான் தி நைட்ஸ் சோர்டுக்கு வேண்டிய மைனிங். அதனால அடுத்து அதையே பிடிங்க: ஒரு ரெட்பெர்ரி பை, 2 இரும்புக் கட்டி, ஒரு கோடாலி (மரம் வெட்டுறது இல்ல, சுரங்கக் கோடாலி). முடிச்சா 12,725 ஸ்மித்திங் எக்ஸ்பி, 1ல இருந்து 29. சுத்தியலைத் தொடவே வேணாம். இதுல ரெண்டு இடத்துல நேரம் போகும். படம் இருக்கிற அலமாரிகிட்ட சர் வைவின் நின்னா திறக்க விடமாட்டாரு, அவர் நகர்ற வரைக்கும் காத்திருங்க. அந்த வாளுக்கு வேண்டிய ப்ளூரைட் தாது இருக்கிற பனிக்குகையில ஐஸ் வாரியர் எல்லாம் துரத்தும். சண்டை போடாம ஓடிப் போயி தோண்டிட்டு ஓடி வந்துடுங்க, வழிக்குச் சாப்பாடு எடுத்துக்குங்க.

வேம்பயர் ஸ்லேயர் 4,825 அட்டாக். பூண்டு, மர ஆப்பு, சுத்தியல் மூணும் பையில இருக்கணும். சுத்தியலை மறந்துட்டுப் போனா அந்த வேம்பயர் சாகவே மாட்டான்.

பால்மரம்_லயம்

செம்பனை அண்ணன் சொன்னது சரி. வாட்டர்ஃபாலைக் கொஞ்சம் விரிவா சொல்றேன், புது ஆளுங்க அங்கதான் மாட்டுறாங்க.

6 காற்று ரூன் (மந்திரக் கல்), 6 நீர் ரூன், 6 மண் ரூன், ஒரு கயிறு, சாப்பாடு. எல்லாமே இலவச ஆளுங்களும் வாங்கக்கூடிய பொருள், அதனால பாண்ட் போடுறதுக்கு முன்னாடியே வங்கியில சேர்த்து வைக்கலாம். கூடவே 6 மரக்கட்டை. அது ட்ரீ நோம் வில்லேஜ்ங்கிற இன்னொரு குவெஸ்ட்டுக்கு.

ஹாட்லி வீட்டு மாடியில கிடைக்கிற பேக்ஸ்டோரியன் புத்தகத்தை எடுத்தா மட்டும் போதாது, திறந்து படிக்கணும். படிக்கலைன்னா அடுத்த கட்டம் திறக்காது. அப்புறம் கோல்ரிங்கிற ஆள்கிட்ட கூழாங்கல் வாங்கணும். அவர் இருக்கிற இடம் ட்ரீ நோம் வில்லேஜ் பக்கம்தான், அதனால அந்த குவெஸ்ட்டையும் அதே நடையில ஆரம்பிச்சிடுங்க. ரெண்டு தடவை நடக்க வேணாம்.

கிளேரியல் கல்லறைக்குள்ள ஆயுதம், கவசம், ரூன் எதுவும் வச்சுக்கிட்டு நுழைய முடியாது. எல்லாத்தையும் ஆர்டோன் வங்கியில வச்சிட்டு, சாப்பாடும் கூழாங்கல்லும் மட்டும் எடுத்துக்கிட்டுப் போங்க. உள்ள 42 லெவல் மாஸ் ஜயன்ட் நிக்கும். நிக்காம ஓடி, பெட்டியில தாயத்து, சவப்பெட்டியில அஸ்திக் கலசம், ரெண்டையும் எடுத்துட்டு வெளிய வாங்க.

அருவிக் கதவுக்குப் போகும்போது தாயத்தைக் கழுத்துல மாட்டிக்குங்க, இல்லன்னா தண்ணி அடிச்சுட்டுப் போயிடும். கடைசி அறையில ஆறு தூண், ஒவ்வொண்ணுலயும் மூணு வகை ரூன்லயும் ஒண்ணு ஒண்ணா வைங்க. அப்புறம் தாயத்தைச் சிலை மேல, கலசத்தைக் கிண்ணத்து மேல பயன்படுத்துங்க. அவசரத்துல கிண்ணத்தை நேரா கிளிக் பண்ணிட்டா அறை முழுக்க வெள்ளம், திரும்ப முதல்ல இருந்து ஆறு தூண். ரூனும் போச்சு.

ட்ரீ நோம் வில்லேஜ் குவெஸ்ட்டுக்கு அட்டாக் 11,450, ஃபைட் அரீனா குவெஸ்ட்டுக்கு 12,175. வாட்டர்ஃபாலோட சேர்த்து இந்த மூணு குவெஸ்ட்டையும் கூட்டினா அட்டாக் 37,375. லெவல் 40க்கு வேண்டியது 37,224. ரூன் உலோக வாளைப் பிடிக்கிற தகுதி வந்துடும். ஃபைட் அரீனாவுல வர்ற பவுன்சர்ங்கிற எதிரி 137 லெவல், நேருக்கு நேரா போகாதீங்க. எலும்புக்கூடு மாதிரி தடுப்புக்குப் பின்னால நின்னு மந்திரத்தாலயோ அம்பாலயோ அடிங்க.

மழைக்கால_லைன்

ரெண்டு அண்ணன்மாரும் அட்டாக்கையே பிடிச்சுக்கிட்டு நிக்கிறாங்க. ராத்திரி ஒன்றரை மணி நேரம் மட்டும் விளையாடுற ஆளுக்கு முக்கியம், நாம இல்லாதப்பவும் வேலை செய்ற பொருள். என் கணக்குல முதல் வாரத்துலயே போன் வோயேஜ் குவெஸ்ட்டை முடிச்சு ஃபாசில் தீவைத் திறக்கணும். அங்க நாலு பறவைக்கூடு (பறவை பிடிக்கிற பொறி), ஒவ்வொண்ணுக்கும் சின்ன விதை 10 போட்டுட்டு வந்தா, கிட்டத்தட்ட 50 நிமிஷத்துல நிறைஞ்சிடும். 9 மணிக்கு ஒரு தடவை, படுக்கப் போறதுக்கு முன்னாடி ஒரு தடவை, ரெண்டு சுத்து.

அதுக்கு தி டிக் சைட் குவெஸ்ட்டை முடிச்சிருக்கணும், அருங்காட்சியகத்துல 100 குடோஸ் (அங்க குடுக்கிற புள்ளி) வேணும். அந்த மியூசியக் கேள்வி-பதிலே 28 குடோஸ், கூட ஹண்டர் 1,000 எக்ஸ்பி, லெவல் 9. டிக் சைட் அஜிலிட்டி 10, ஹெர்ப்லோர் 10, தீவிங் 25 கேக்கும். ஃபைட் அரீனாவுல 2,175 தீவிங்கும் வரும், அதுலயே லெவல் 14. அதனால பால்மரம் சொன்னதை முதல்ல முடிச்சிட்டு இதுக்கு வாங்க, சண்டை இல்ல.

பஸ்ல சண்டை குவெஸ்ட் தொடவே தொடாதீங்க. செம்பனைத் தோட்டம் வழியா போறப்ப லைன் விட்டுப் போகும், நீங்க வெளிய போயிட்டாலும் ஆள் கொஞ்ச நேரம் அங்கேயே நின்னு அடி வாங்குவான். செத்தா பொருள் கல்லறையில 15 நிமிஷம்தான் இருக்கும். பஸ்ஸுக்கு ரோமியோ அண்ட் ஜூலியட் மாதிரி பேசிட்டுத் திரியறது. எக்ஸ்பி ஒண்ணும் இல்ல, குவெஸ்ட் புள்ளி 5.

கம்பெனிபஸ்_5

நன்றி அண்ணே எல்லாருக்கும். பேச்சு ரொம்ப நீளமா ஓடுதே, அதைத் தள்ளிவிட வழி உண்டா? குவெஸ்ட்டுக்கு வழி காட்டுற குவெஸ்ட் ஹெல்பர்னு ஒண்ணு சொல்றாங்க, அதைப் போட்டா அக்கவுன்ட்டைத் தடை பண்ணிடுவாங்களா?

செம்பனை_77

ஸ்பேஸ் பாரைத் தட்டிக்கிட்டே போங்க, பதில் தேர்ந்தெடுக்க 1, 2, 3 எண் பட்டன். குவெஸ்ட் ஹெல்பர் ரூன்லைட்டோட (கம்ப்யூட்டர்ல இந்த கேமை ஓட்டுற ஒரு மென்பொருள்) பிளகின் ஹப்ல இருக்கு, அதுக்குத் தடை இல்ல. கைப்பேசியில வராது, கம்ப்யூட்டர்லதான். ரூன்லைட்டை அதோட சொந்தத் தளத்துல இருந்து மட்டும் இறக்குங்க. தேடல்ல மேல விளம்பரமா வர்ற போலித் தளத்துல பாஸ்வேர்டு போட்டீங்கன்னா பாண்ட்டும் போச்சு, அக்கவுன்ட்டும் போச்சு.

ஹோம் டெலிபோர்ட்டுக்கு (லம்ப்ரிட்ஜுக்கு ஒரே தாவுல கொண்டு போற மந்திரம்) 30 நிமிஷம் இடைவெளி. அதைச் சும்மா செலவழிக்காம, தூரமா ஒரு குவெஸ்ட் முடிஞ்ச இடத்துல இருந்து லம்ப்ரிட்ஜ் திரும்புறதுக்கு வச்சுக்குங்க.