ஒளிமின் விளைவு வேறு, ஒளிவழி அயனியாக்கம் வேறு

ஐயா, வணக்கம்.

தனித்த அணு ஒன்று ஒளியை உட்கவர்ந்து எலக்ட்ரானை இழக்கும் நிகழ்வுக்கும் (ஆங்கிலத்தில் photoionization) தமிழில் 'ஒளிமின் விளைவு' என்ற பெயரே போதும் என்று எழுதியிருந்தீர்கள். பாடநூல்களில் நன்கு வேரூன்றிய சொல் அது. ஒளி பட்டு உலோகப் பரப்பிலிருந்து எலக்ட்ரான் வெளிவருவதற்கு அதுவே இருக்கட்டும். அணுவுக்கும் அதையே வைத்தால் மாணவர் தவறான எண்ணைப் பிடித்துக்கொள்வார்.

சீசியத்தைப் பாருங்கள். உலோகமாக இருக்கும்போது அதன் வெளியேற்று ஆற்றல், அதாவது எலக்ட்ரானை வெளியேற்றத் தேவையான குறைந்த அளவு ஆற்றல், ஏறத்தாழ 2.1 எலக்ட்ரான் வோல்ட். பச்சை ஒளி பட்டாலே எலக்ட்ரான்கள் வெளிவரும். அதே சீசியம் ஆவியாகி, அணுக்கள் தனித்தனியே திரியும்போது 3.89 எலக்ட்ரான் வோல்ட் தேவை. சுமார் 318 நானோமீட்டருக்குக் குறைந்த அலைநீளமுள்ள புற ஊதா ஒளியால்தான் அது முடியும். உலோகத்தில் அந்த எலக்ட்ரான் எந்த ஓர் அணுவுக்கும் உரியதன்று, எல்லா அணுக்களுக்கும் பொது. ஆவியில் அது தன் கருவோடு கட்டுண்டிருக்கிறது. விளைவும் வேறு: உலோகத் தகடு இழந்ததை மின்சுற்று ஈடுசெய்துவிடுகிறது, அணுவோ நேர்மின் அயனியாகி நிற்கிறது. ஐன்ஸ்டைனே தமது 1905 கட்டுரையில் திண்மப் பொருளிலிருந்து எலக்ட்ரான் வெளிவருவதை ஒரு பகுதியிலும், புற ஊதா ஒளியால் வளிமங்கள் அயனியாவதை அடுத்த பகுதியிலும் பிரித்தே எழுதினார். ஆகவே பெயரில் 'அயனி' இருந்தே தீர வேண்டும்.

இன்னொரு நண்பர் முன்வைத்த 'வெளிமின்னி உதிர்வு' (மின்னி என்றால் எலக்ட்ரான்) காதுக்கு இனியது. ஆனால் பழுத்த இலை தானாக உதிரும். இங்கே அணு தன் எலக்ட்ரானைத் தானாக விடுவதில்லை. மேலும், எக்ஸ் கதிர் பட்டால் கருவுக்கு மிக அருகிலுள்ள எலக்ட்ரான்கூட வெளியேறும். 'வெளி' என்று பெயரிலேயே வரையறுத்துவிட்டால் அந்த நிகழ்வை எங்கே வைப்பது? 'கதிர் அயனியாக்கம்' என்பதையும் ஏற்க இயலவில்லை. ஆல்ஃபா, பீட்டா கதிர்களும் அயனியாக்கும், அவை ஒளியல்ல.

இலக்கணப்படி சேர்த்தால் 'ஒளியயனியாக்கம்' வரும். பிழையில்லைதான், ஆனால் அடுத்தடுத்து வரும் யகரங்களில் கண் இடறுகிறது. எனவே நான் முன்மொழிவது 'ஒளிவழி அயனியாக்கம்'. 'வழி' என்பது காரணத்தைச் சொல்லிவிடுகிறது. உடன்பிறப்புச் சொற்களுக்கும் இடம் தருகிறது. இந்திய இயற்பியலாளர் மேக்நாத் சாகா 1920இல் விண்மீன் வளிமண்டலத்துக்குச் சமன்பாடு தந்தாரே, அது வெப்பவழி அயனியாக்கம். குழல்விளக்கினுள் எலக்ட்ரான்கள் பாதரச அணுக்களை மோதி அயனியாக்குவது மோதல்வழி அயனியாக்கம். இலங்கை நண்பர்கள் தம் வழக்கப்படி 'ஒளிவழி அயனாக்கம்' என்று எழுதலாம், சொல்லின் கட்டமைப்பு குலையாது.

கலைச்சொல்லை வாக்கியத்தில் வைத்துப் பார்க்காமல் ஏற்கக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். இதோ இரண்டு: "சூரியனின் புற ஊதா, எக்ஸ் கதிர்களால் உயர் வளிமண்டலத்தில் நிகழும் ஒளிவழி அயனியாக்கமே அயனி மண்டலத்தைத் தோற்றுவிக்கிறது." "இரவில் ஒளிவழி அயனியாக்கம் நின்றதும் கீழடுக்கு மறைந்துவிடுவதால், மத்திய அலை வானொலி மேலடுக்கில் பட்டுத் திரும்பித் தொலைவிலும் கேட்கிறது." எனக்கு இரண்டும் தடையின்றி ஓடுகின்றன.

விளக்கக் குறிப்பில் ஒரு வேறுபாட்டைக் கட்டாயம் எழுத வேண்டும். ஒளியை உட்கவர்ந்த அணுவெல்லாம் எலக்ட்ரானை விட்டுவிடாது. அடிநிலையிலுள்ள, அதாவது மிகக் குறைந்த ஆற்றல் நிலையிலுள்ள ஹைட்ரஜன், 91.2 நானோமீட்டருக்கு மேற்பட்ட ஒளியில் குறிப்பிட்ட சில அலைநீளங்களை மட்டும் ஏற்று, எலக்ட்ரானை இழக்காமலே உயர் ஆற்றல் கொண்ட கிளர்வுற்ற நிலைக்குத் தாவும். அந்த அலைநீள எல்லைக்குக் கீழே, அதாவது 13.6 எலக்ட்ரான் வோல்ட்டுக்கு மேற்பட்ட எந்த ஆற்றலையும் ஏற்கும். மிஞ்சியது வெளியேறும் எலக்ட்ரானின் இயக்க ஆற்றலாகும். முன்னது கிளர்வு, பின்னதே ஒளிவழி அயனியாக்கம்.

எதிர்நிகழ்வுக்கும் சொல் தேவைப்படுகிறது. அயனி எலக்ட்ரானைத் திரும்பப் பிடித்து ஒளி விடுவதை 'ஒளியுமிழ் மீளிணைவு' எனலாமா? விண்வெளியிலுள்ள ஓரியன் வளிமமேகத்தின் 656.3 நானோமீட்டர் செந்நிறத்தை விளக்க இந்த இரண்டு சொற்களும் சேர்ந்தே வேண்டும். 'மீளிணைவு' வேதியியலில் வேறு பொருளில் வழங்குகிறதா என்று அத்துறையினர் பார்த்துச் சொல்லுங்கள்.