கேசோங்கை மூடியதில் தென்கொரியாவுக்கு என்ன லாபம்?

கடலோடி:
பகை நாட்டோடு வியாபாரம் செய்வது பாம்புக்குப் பால் வார்ப்பது என்பவர்கள் கேசோங் தொழிற்பேட்டையைத்தான் முதலில் காட்டுகிறார்கள். எனக்கு அது நேரெதிர்க் கதையாகப் படுகிறது. எல்லையைத் தாண்டிய உடனே வடகொரிய மண்ணில், தென்கொரியர்களின் நூற்றிச் சொச்சம் ஆலைகள். வேலை பார்த்தவர்கள் 50,000-க்கும் மேற்பட்ட வடகொரியர்கள். 2016 பிப்ரவரி 10 அன்று சோல் அரசு, அதாவது தென்கொரிய அரசு, அதை மூடியது. வடகொரியாவின் அணுகுண்டுச் சோதனைக்கும் ராக்கெட்டுக்கும் தண்டனையாம். தண்டனை யாருக்கு? மறுநாளே வடகொரியா அங்கிருந்த தென்கொரியர்கள் எல்லோரையும் துரத்திவிட்டது. சொந்த உடைமைகளைத் தவிர எதையும் எடுக்க விடவில்லை. இயந்திரம், தைத்து அடுக்கி வைத்த சரக்கு எல்லாம் அங்கேயே மாட்டிக்கொண்டது. தெருவுக்கு வந்தது தெற்கின் சிறு முதலாளிகள்.

வடக்குவாசல்:
அவர்கள்மேல் எனக்கும் இரக்கம் உண்டு. ஆனால் சம்பளம் போன வழியை விட்டுவிட்டீர்களே! டாலர் போனது வடகொரிய அரசின் கைக்கு. தொழிலாளிக்கு வந்தது உள்ளூர்ப் பணமும் கூப்பனும். 2010-ல் தென்கொரியாவின் சோனான் போர்க்கப்பல் மூழ்கி 46 மாலுமிகள் இறந்தார்கள். வடகொரியாவின் டார்பிடோதான் காரணம் என்று சொல்லி மற்ற வியாபாரத்தை ஏறக்குறைய முழுவதும் நிறுத்திய சோல், கேசோங்கை மட்டும் விட்டுவைத்தது. அந்தப் பெருந்தன்மைக்கு என்ன கிடைத்தது? 2013-ல் ஓர் அணுகுண்டுச் சோதனை, 2016-ல் இன்னொன்று. சம்பளப் பணத்தில் 70 சதவீதம் கட்சிக்கும் ஆயுதத்துக்கும் போனது என்று சோல் அரசே சொன்னது.

கடலோடி:
சொன்னது. அடுத்து வந்த ஆட்சி அமைத்த குழு, அந்த 70 சதவீதத்துக்கு உருப்படியான ஆதாரமே இல்லை என்று 2017 டிசம்பரில் அறிவித்ததே, அதையும் சொல்ல வேண்டாமா?

நிலவன்:
நடுவில் ஒரு வார்த்தை. அங்கே போனஸைக் கையில் பணமாகக் கொடுக்க முடியாது என்பதால் ஆலைகள் சாக்கோ பை கொடுத்தன. சாக்லேட் பூசிய சின்ன கேக், அவ்வளவுதான். தொழிலாளர்கள் அதைத் தின்னாமல் சேர்த்துவைத்து வெளிச்சந்தையில் விற்றார்கள். 2014-ல் வடகொரியத் தரப்பு அதை நிறுத்தச் சொல்லி, பதிலுக்கு நூடுல்ஸ், காப்பித்தூள் மாதிரி வேறு பொருள் கேட்டது. ஒரு மிட்டாய்க்கு ஓர் அரசு மிரண்டது என்றால் அந்தப் பேட்டை ஏதோ வேலை செய்திருக்கிறது அண்ணே.

வடக்குவாசல்:
தம்பி, கேக் தின்றவனுக்கு ஆட்சியை மாற்றும் பலம் வந்துவிட்டதா? 70 சதவீதக் கணக்கை விட்டுவிடுகிறேன், அது பலவீனம்தான். ஆனால் 2018-ல் அதே கேசோங்கில் இரு நாட்டுக்கும் பொதுவாகத் தொடர்பு அலுவலகம் திறந்தார்கள். 2020 ஜூன் 16 அன்று வடகொரியா அதை வெடிவைத்துத் தகர்த்தது.

கடலோடி:
தகர்த்தபோது ஆலைகள் பூட்டி நாலு வருடம் ஆகியிருந்தது. இழக்க அவர்களுக்கு அங்கே என்ன இருந்தது? 2013-ஐப் பாருங்கள். வடகொரியா கோபத்தில் தொழிலாளர்களை எல்லாம் திரும்ப அழைத்துக்கொண்டது. சில மாதத்தில் தானே இறங்கிவந்து திறந்தது. சூழ்நிலை எப்படி இருந்தாலும் பேட்டை நிற்காது என்று இரு தரப்பும் எழுதிக் கையெழுத்தும் போட்டார்கள். அதை மீறியது யார்?

வடக்குவாசல்:
சோல்தான், மறுக்கவில்லை. ஆனால் மூடிய மூன்றே வாரத்தில் ஐ.நா. பாதுகாப்பு அவையில் வடகொரியா மீது தடை விதிக்கும் 2270-ம் தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. சீனாவும் கை தூக்கியது. தன் பேட்டையிலிருந்தே டாலர் போய்க்கொண்டிருந்தால் அடுத்தவரிடம் எந்த முகத்தோடு தடை கேட்பது?

கடலோடி:
முகம் கிடைத்தது, சரி. அப்புறம் 2017 செப்டம்பரில் வடகொரியாவின் ஆறாவது அணுகுண்டுச் சோதனை. அதுவரை நடந்ததிலேயே பெரியது.