ஜப்பான் துறைமுகங்களில் கப்பல் நிற்கும் சில மணி நேரம்: குழந்தைகளும் மாமியாரும் உடன் வரும்போது எதைப் பார்க்கலாம்?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். வரும் ஏப்ரலில் யோகோகாமாவில் கிளம்பி யோகோகாமாவிலேயே முடியும் ஒரு சொகுசுக் கப்பல் பயணத்துக்கு முன்பதிவு செய்திருக்கிறோம். வழியில் ஷிமிசு, கோபே, தென்கொரியாவின் பூசான், நாகசாகி ஆகிய துறைமுகங்களில் கப்பல் நிற்கும். எல்லா இடங்களிலும் காலையில் கரை சேர்ந்து மாலையில் புறப்பட்டுவிடும். நானும் கணவரும், 14 வயது மகள், 8 வயது மகன், என் மாமியார் என ஐந்து பேர் செல்கிறோம். மாமியாருக்கு 71 வயது, மூட்டுவலி உண்டு. சமதளத்தில் மெதுவாக நன்றாகவே நடப்பார், படிகள்தான் அவருக்குச் சிரமம்.

கப்பல் நிறுவனமே நடத்தும் கரைச் சுற்றுலாக்களுக்கு ஐந்து பேருக்கும் சேர்த்துப் பார்த்தால் பெருந்தொகை ஆகிறது. நாங்களாகவே சுற்றிப் பார்ப்பது சாத்தியமா? கோபேயில் நிற்கும் நாளில் கியோட்டோவுக்குப் போய்வர வேண்டும் என்பது கணவரின் ஆசை. நாகசாகியில் அணுகுண்டு அருங்காட்சியகத்தைப் பார்க்க மகள் விரும்புகிறாள், ஆனால் 8 வயதுச் சிறுவனை அங்கே அழைத்துச் செல்வது சரியா என்று எனக்குத் தயக்கமாக இருக்கிறது. நாங்கள் சைவ உணவு மட்டுமே உண்பவர்கள். அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மறுமொழி 1 (யோகோகாமாவில் வசிப்பவர்)

வணக்கம் சகோதரி. நகரங்களைப் பற்றிப் பேசுவதற்கு முன்பு விசாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் உங்கள் பயணத்தடத்தில் பலர் கவனிக்காமல் விடும் சிக்கல் ஒன்று இருக்கிறது. வெளிநாட்டுக் கொடியுடன் செல்லும் கப்பல்கள் ஜப்பானியத் துறைமுகங்களுக்கு இடையே மட்டும் பயணிகளை ஏற்றி இறக்க ஜப்பானியச் சட்டம் அனுமதிப்பதில்லை. அதனால்தான் இத்தகைய பயணங்களில் பூசான் போன்ற ஓர் அயல்நாட்டுத் துறைமுகம் இடையில் வந்துவிடுகிறது. நீங்கள் விமானத்தில் வந்து ஜப்பானுக்குள் நுழைவது ஒருமுறை, பூசான் சென்று நாகசாகிக்குத் திரும்புவது மறுமுறை. இந்தியர்களுக்கு இப்போது கிடைக்கும் சுற்றுலா இ-விசா ஒருமுறை நுழைவதற்கு மட்டுமே செல்லும். எனவே இரண்டு அல்லது பலமுறை நுழைவதற்கான விசா உங்களுக்குத் தேவை என்பதை விண்ணப்பிக்கும்போதே, கப்பலின் பயண அட்டவணையை இணைத்து, தெளிவாகக் குறிப்பிடுங்கள். பூசானில் இறங்க உங்களுக்கு என்ன ஆவணம் தேவை என்பதையும் கப்பல் நிறுவனத்திடம் எழுத்து மூலமாகவே கேட்டுப் பெறுங்கள். தொலைபேசியில் யாரோ ஒருவர் சொன்ன பதில் துறைமுகக் கவுண்டரில் எடுபடாது.

கப்பலில் வருபவர்களுக்கு ஜப்பானில் விசாவே தேவையில்லை என்று சிலர் உங்களிடம் சொல்லக்கூடும். 2015 முதல் நடைமுறையில் உள்ள கப்பல் சுற்றுலாப் பயணிகளுக்கான இறங்கு அனுமதியைத்தான் அவர்கள் மனத்தில் வைத்துப் பேசுகிறார்கள். அது குறிப்பிட்ட கப்பல்களில் வந்து, அதே கப்பலிலேயே நாட்டைவிட்டுச் செல்பவர்களுக்கானது. விமானத்தில் வந்து இங்கே கப்பல் ஏறும் உங்களுக்கு அது பொருந்தாது.

அடுத்ததாக, எந்தத் துறைமுகமாயினும் முதலில் பார்க்க வேண்டியது, கப்பல் கட்டப்படும் தளம் ஊரிலிருந்து எவ்வளவு தூரம் என்பதையே. யோகோகாமாவிலேயே இதற்கு நல்ல எடுத்துக்காட்டு உண்டு. ஒசன்பாஷி தளத்தில் கப்பல் நின்றால் யமாஷிதா பூங்காவும் சீனர் தெருவும் நடந்து செல்லும் தொலைவில் இருக்கும். ஆனால் மிகவும் உயரமான கப்பல்கள் பே பிரிட்ஜ் பாலத்தின் கீழே நுழைய முடியாததால் டைகோகு தளத்தில் நிறுத்தப்படுகின்றன. அது சரக்குத் துறைமுகப் பகுதி. ரயில் நிலையம் கிடையாது, நடந்து வெளியேறவும் வழியில்லை, பேருந்தையோ டாக்ஸியையோதான் நம்ப வேண்டும். பயணச்சீட்டில் யோகோகாமா என்று மட்டுமே போட்டிருப்பார்கள். எந்தத் தளம் என்று இப்போதே கேட்டுவிடுங்கள்.

ஒசன்பாஷியாக இருந்தால், கப்பல் ஏறும் நாளில் இரண்டு மணி நேரம் முன்னதாகவே வந்துவிடுங்கள். 2002இல் கட்டி முடிக்கப்பட்ட அந்த முனையத்தின் கூரையே ஒரு பொது உலாவிடம். மரப்பலகை பாவிய தளம் அலைபோல ஏறி இறங்குகிறது, இடையிடையே புல்வெளி இருக்கிறது. சரிவுப் பாதையிலேயே மேலே போய்விடலாம் என்பதால் உங்கள் மாமியாருக்குச் சிரமம் இராது. யமாஷிதா பூங்கா 1923 பெரும் நிலநடுக்கத்தின் இடிபாடுகளைக் கடலில் கொட்டி நிரப்பிய நிலத்தில் 1930இல் திறக்கப்பட்டது. அதன் ஓரத்தில் இந்திய பாணிக் குவிமாடத்துடன் சிறிய நீர்மண்டபம் ஒன்று நிற்கும். நிலநடுக்கத்தில் தங்களுக்கு உதவிய நகர மக்களுக்கு நன்றியாகவும், இறந்துபோன தம் மக்களின் நினைவாகவும் இங்கிருந்த இந்திய வணிகர்கள் கட்டிக்கொடுத்தது அது. பிள்ளைகளுக்குக் கட்டாயம் காட்டுங்கள்.

மறுமொழி 2 (கோபேயில் பணிபுரிந்தவர்)

சகோதரியின் கணவர் மன்னிக்க வேண்டும். இந்தக் குடும்பத்துடன் கோபேயிலிருந்து கியோட்டோ செல்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன். கோபேயின் முக்கிய ரயில் நிலையமான சான்னோமியாவிலிருந்து கியோட்டோவுக்கு ரயிலில் ஏறத்தாழ 50 நிமிடம்தான், அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் கப்பலைவிட்டு வெளியே வர எடுக்கும் நேரம், சான்னோமியா செல்லும் நேரம், கியோட்டோ ரயில் நிலையத்திலிருந்து ஏதாவது ஒரு கோயிலுக்கு நெரிசலான நகரப் பேருந்தில் செல்லும் நேரம், இவை அனைத்தையும் இரண்டு வழிக்கும் கூட்டிப் பார்த்தால், ஏப்ரல் மாதப் பூக்காலக் கூட்டத்தில், பாதி நாள் பயணத்திலேயே கழிந்துவிடும். மீதி நேரத்தையும் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேதான் கழிப்பீர்கள். கப்பல் நிறுவனத்தின் சுற்றுலாவில் சென்று தாமதமானால் கப்பல் பொதுவாகக் காத்திருக்கும்; சொந்தமாகச் சென்றவர்களுக்காகக் காத்திருக்காது, அடுத்த துறைமுகம் வரை நாமே சென்று சேர வேண்டியதுதான்.

கோபேயே ஒரு நாளைக்குப் போதுமான ஊர். கோபே துறைமுக முனையத்தில் கப்பல் நின்றால், முனையத்தோடு ஒட்டியே போர்ட்லைனர் ரயிலின் நிலையம் இருக்கிறது. 1981 முதல் ஓட்டுநர் இல்லாமலே ஓடும் ரயில் அது. உங்கள் மகனை முதல் பெட்டியின் முன்கண்ணாடி ஓர இருக்கையில் உட்கார வைத்துவிடுங்கள். இறங்க மனமே வராது. அது நேராகச் சான்னோமியாவில் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

அங்கிருந்து மலையை நோக்கி ஏறினால் கிதானோ பகுதி. பாதை மேடு என்பதால் மாமியாருடன் டாக்ஸியில் செல்லுங்கள். 1868இல் இத்துறைமுகம் அயல்நாட்டு வணிகத்துக்குத் திறந்துவிடப்பட்ட பிறகு ஐரோப்பிய வணிகர்கள் கட்டிய வீடுகளைப் பார்க்கத்தான் எல்லோரும் அங்கே வருகிறார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகத் தோன்றுவது, 1935இல் கட்டப்பட்ட, ஜப்பானின் முதல் பள்ளிவாசலும் 1985இல் பளிங்கில் எழுந்த சமணக் கோயிலும் சில நிமிட நடைத்தொலைவில் அடுத்தடுத்து இருப்பதுதான். யோகோகாமா நிலநடுக்கத்துக்குப் பிறகு அங்கிருந்த இந்திய வணிகர்களில் பலர் கோபேக்குக் குடிபெயர்ந்தார்கள். பின்னாளில் முத்து வணிகத்தில் ஈடுபட்ட குடும்பங்களும் இங்கே வேரூன்றின. ஆகவே இப்பகுதியில் இந்திய உணவகங்கள் உண்டு. மதியச் சாப்பாட்டுக் கவலை இந்த ஊரில் மட்டும் உங்களுக்கு இல்லை.

மாலையில் கப்பலுக்குத் திரும்பும் முன் மெரிகென் பூங்காவில் சற்று நேரம் செலவிடுங்கள். 1995 ஜனவரி 17 அதிகாலை 5.46க்கு நேர்ந்த நிலநடுக்கத்தில் 6,400க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அன்று உடைந்த கப்பல்துறையின் ஒரு பகுதியை அப்படியே விட்டுவைத்திருக்கிறார்கள். கற்பாளங்கள் பிளந்து தண்ணீருக்குள் சரிந்திருக்கும். விளக்குக் கம்பங்கள் இன்றும் சாய்ந்தபடியே நிற்கும். அதற்கு வேலி போட்டு, பக்கத்திலேயே புதிய துறைமுகத்தைக் கட்டியிருக்கிறார்கள். 14 வயதுப் பெண்ணுக்கு அந்த இடம் மனத்தில் நிற்கும் என்று உறுதியாகச் சொல்வேன்.

மறுமொழி 3 (சிங்கப்பூரிலிருந்து)

மேலே எழுதிய நண்பரின் கருத்தில் எனக்குப் பாதி உடன்பாடு. ஐந்து பேரும் எப்போதும் ஒன்றாகவே செல்ல வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கியோட்டோ ஆசை அவ்வளவு ஆழமானது என்றால் கணவரும் மகளும் மட்டும் காலையிலேயே கிளம்பி ஒரே ஓர் இடத்தைப் பார்த்துவிட்டு, கப்பல் ஏற வேண்டிய நேரத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னதாகவே கோபே திரும்பிவிடலாம். கியோட்டோவின் ஃபுஷிமி இனாரி கோயில் ஜேஆர் ரயில் நிலையத்துக்கு எதிரிலேயே இருப்பதால் பேருந்து நெரிசலுக்கு வேலையில்லை. நீங்களும் மகனும் மாமியாரும் கோபேயில் நிதானமாக இருக்கலாம். பெரியவர்களோடும் பிள்ளைகளோடும் பயணம் செய்யும்போது யாரேனும் ஒருவர் தம் விருப்பத்தை விட்டுக்கொடுத்துக்கொண்டே இருப்பது நல்லதல்ல என்று நினைக்கிறேன்.

ஷிமிசுவைப் பற்றி யாரும் சொல்லவில்லை. ஹினோதே தளத்திலிருந்து நடந்து செல்லும் தூரத்தில் ராட்டினத்துடன் கூடிய வணிக வளாகம் இருக்கிறது, பிள்ளைகளுக்கு அது போதும். மேகம் இல்லாத காலையில் 3,776 மீட்டர் உயர ஃபூஜி மலை கப்பலிலிருந்தே தெரியும். எனவே அன்று மட்டும் விடியற்காலையில் எழுந்து மேல்தளத்துக்குச் செல்லுங்கள், பகல் ஏற ஏற மேகம் மூடிவிடும் வாய்ப்பு அதிகம். நேரம் இருந்தால் மிஹோ பைன்மரக் கடற்கரைக்கு டாக்ஸியில் செல்லலாம். 2013இல் ஃபூஜியோடு சேர்த்து உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது அது.

உணவைப் பற்றி ஒரு வார்த்தை. இறைச்சி, மீன் துண்டுகள் இல்லை என்பதை மட்டும் பார்த்து ஜப்பானில் எதையும் சைவம் என்று முடிவு செய்துவிட முடியாது. ஊதோன், சோபா நூடுல்ஸ்களின் தெளிந்த குழம்பு, மிசோ சூப், காய்கறிக் கூட்டு எனப் பலவற்றிலும் சூரை மீனைக் காயவைத்துச் சீவிய தூளின் சாறு அடிப்படையாக இருக்கும். நம் பக்கத்து மாசிக் கருவாட்டுக்கு நெருங்கிய உறவு அது. எங்கள் குடும்பம் காலையில் கப்பலில் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு, மதியத்துக்கு ரொட்டிக்கடைகளையும் பழங்களையும் நம்பியிருந்தது. கப்பல் உணவைக் கட்டி எடுத்துக்கொண்டு கரையிறங்க வேண்டாம். இறைச்சிப் பொருள்கள், பழம், காய்கறி விஷயத்தில் ஜப்பானின் விதிகள் மிகக் கடுமையானவை.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. விசா விவரம் எங்கள் முகவர் சொல்லாத ஒன்று, இன்றே பேசுகிறேன். கோபேயில் இரண்டாகப் பிரிந்து செல்லும் யோசனையைக் கணவர் உடனே ஏற்றுக்கொண்டார். நாகசாகியைப் பற்றித்தான் இன்னும் முடிவுக்கு வர முடியவில்லை. அந்த ஊர் முழுவதும் மேடு என்று படித்ததிலிருந்து மாமியாரைப் பற்றிய கவலையும் சேர்ந்துகொண்டது.

மறுமொழி 4 (நாகசாகியில் படித்தவர்)

அம்மா, நாகசாகி உண்மையிலேயே மேடுகளின் ஊர்தான். ஆனால் மேட்டில் வாழும் முதியவர்களுக்காகவே அந்நகரம் சில வசதிகளைச் செய்து வைத்திருக்கிறது. கப்பல் நிற்கும் மட்சுகாயே தளத்திலிருந்து ஔரா தேவாலயமும், அயல்நாட்டு வணிகர்களின் பழைய வீடுகள் நிற்கும் குளோவர் தோட்டமும் மிக அருகில். எல்லோரும் தேவாலயத்தின் பக்கத்திலிருந்து தோட்டத்துக்கு மேல்நோக்கி ஏறுகிறார்கள். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். இஷிபாஷி டிராம் நிறுத்தத்துக்குச் சில நிமிட நடையில் குளோவர் ஸ்கை ரோடு என்ற பொது மின்தூக்கி இருக்கிறது. மலைச்சரிவை ஒட்டிச் சாய்வாகவே மேலேறும் அதற்குக் கட்டணம் இல்லை. அதில் ஏறி, அடுத்துள்ள நேர்குத்தான மின்தூக்கியிலும் ஏறினால் தோட்டத்தின் மேல் வாயிலுக்கு வந்துவிடலாம். பிறகு துறைமுகத்தையும் உங்கள் கப்பலையும் பார்த்தபடி கீழ்நோக்கி இறங்கினால் போதும். இடையில் படிகள் வரும் இடங்களும் உண்டு. ஒருவர் மாமியாரின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். 1863இல் கட்டப்பட்ட குளோவர் இல்லம் இறங்கும் வழியில்தான் இருக்கிறது.

அருங்காட்சியகம் ஊரின் வடக்கே உராகாமி பகுதியில் உள்ளது. டிராமில் செல்வதானால் சீனர் தெரு நிறுத்தத்தில் வண்டி மாற வேண்டும். பின்வாசலில் ஏறி, இறங்கும்போது முன்வாசலில் கட்டணம் செலுத்துவது இங்குள்ள முறை. பழைய வண்டிகளில் ஏறுபடி உயரம் என்பதால், மாமியார் வருவதானால் டாக்ஸியே நல்லது.

உங்கள் மகனைப் பற்றிய தயக்கம் நியாயமானது. அங்கே நுழைந்ததும் வட்டமான சரிவுப் பாதை ஒன்று கீழே இறங்கும். சுவரில் ஆண்டுகள் பின்னோக்கிச் சென்று 1945இல் நிற்கும். கீழே முதலில் காண்பது 11.02க்கு நின்றுபோன ஒரு சுவர்க்கடிகாரம். அதுவரை 8 வயதுச் சிறுவனும் வரலாம். அதற்குப் பிறகு தீக்காயம் பட்டவர்களின் புகைப்படங்கள் வருகின்றன. அவற்றை எந்த ஒளிவுமறைவும் இன்றி வைத்திருக்கிறார்கள், அப்படித்தான் வைத்திருக்க வேண்டும் என்பதே என் எண்ணம். ஆனால் எந்த வயதில் ஒரு பிள்ளை அவற்றைப் பார்க்கலாம் என்பதைத் தாயாகிய நீங்கள்தான் அறிவீர்கள். மகளை நீங்களோ கணவரோ உடனிருந்து அழைத்துச் செல்லுங்கள், தனியே அனுப்ப வேண்டாம். மற்றவர் மகனோடும் மாமியாரோடும் அருகிலுள்ள குண்டு வெடித்த மையப் பூங்காவில் இருக்கலாம். அங்கே எளிய கருங்கல் தூண் ஒன்று நிற்கிறது. அதற்கு ஏறத்தாழ 500 மீட்டர் உயரத்தில்தான் ஆகஸ்ட் 9 அன்று குண்டு வெடித்தது. பள்ளிப் பிள்ளைகள் மடித்துக்கொண்டு வந்து வைக்கும் வண்ணக் காகிதக் கொக்குகள் அந்தப் பகுதியெங்கும் சரம் சரமாகத் தொங்கும். உங்கள் மகன் கேள்வி கேட்பான். அங்கேயே உட்கார்ந்து பதில் சொல்லுங்கள்.

வரிசையையும் யோசித்துக்கொள்ளுங்கள். காலையில் முதலில் அருங்காட்சியகம், பிறகு தோட்டம் என்று வைத்துக்கொண்டால் பிள்ளைகளுக்கு மனம் சற்று ஆறும். தோட்டம் கப்பலுக்கு அருகிலேயே இருப்பதால் மாலையில் நேரத்துக்குத் திரும்புவதும் எளிது.

மறுமொழி 1 (யோகோகாமாவில் வசிப்பவர்)

ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்கிறேன். மாமியாரின் மருந்துகளை மருத்துவர் சீட்டோடு, ஒரு மாத அளவுக்கு மிகாமல் எடுத்து வாருங்கள்; அதற்கு மேல் என்றால் முன்கூட்டியே ஜப்பானிய அரசிடம் இறக்குமதி அனுமதி பெற வேண்டும். சூடோஎபெட்ரின், கோடீன் கலந்த சளி, இருமல் மருந்துகளுக்குத் தனிக் கட்டுப்பாடு இருப்பதால், பிள்ளைகளுக்காகக் கொண்டுவரும் மருந்துகளின் அட்டையையும் ஒருமுறை படித்துப் பாருங்கள். ஒவ்வொரு துறைமுகத்திலும் கரையிறங்கும்போது கப்பல் அட்டையுடன் பாஸ்போர்ட்டையும் கையில் வைத்திருங்கள். பாஸ்போர்ட்டைக் கப்பலிலேயே வாங்கி வைத்துக்கொண்டால், அதற்குப் பதிலாக எதை எடுத்துச் செல்ல வேண்டும் என்று வரவேற்பு மேசையில் கேட்டுக்கொள்ளுங்கள்.