அப்பா நள்ளிரவில் பொருள் வாங்கிக் குவிக்கிறார்

கேள்வி:
அப்பாவுக்கு 67 வயது, பார்க்கின்சன் நோய். பத்து ரூபாய்க்கும் கணக்கு எழுதி வைக்கிற மனிதர். 6 மாதமாக நள்ளிரவில் போனில் பொருள் வாங்கிக்கொண்டே இருக்கிறார். வீட்டில் இப்போது 11 டார்ச் லைட், 3 மிக்சி. கேட்டால் அழுகிறார். "கை தானா போகுதும்மா" என்கிறார். அம்மா அவரோடு பேசுவதையே விட்டுவிட்டார். என்ன செய்வது?

பதில் 1:
பிரமிபெக்சோல் அல்லது ரோபினிரோல் சாப்பிடுகிறாரா? பார்க்கின்சனுக்குத் தரும் மாத்திரைகள் இவை; மூளையில் டோபமைன் என்கிற வேதிப்பொருளைப் போலவே வேலை செய்யும். சிலருக்குச் சூதாட்டம், ஷாப்பிங், ஓயாமல் தின்பது என்று அடக்கவே முடியாத உந்துதலைக் கிளப்பிவிடும். என் மாமனாருக்கும் இதே கதை. நரம்பியல் மருத்துவர் அளவைக் குறைத்த பிறகு மெல்ல அடங்கியது. தயவுசெய்து நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். திடீரென நிறுத்தினால் பதற்றமும் உடல்வலியும் படுத்தி எடுக்கும்.

பதில் 2:
அதுவரை கார்டு விவரங்களை போனிலிருந்து அழித்துவிடுங்கள், அவரிடம் சொல்லிவிட்டே. மருத்துவரைப் பார்க்கும்போது அம்மாவும் கூட இருக்கட்டும்.

கேள்வி கேட்டவர்:
பிரமிபெக்சோல்தான் அண்ணா. அளவைக் கூட்டிய மாதத்திலிருந்துதான் இது ஆரம்பம், மருந்துச் சீட்டில் தேதி இருக்கிறது. அம்மாவிடம் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார். அப்புறம் அப்பாவுக்குக் காபியை அவரே கொண்டுபோய்க் கொடுத்தார்.