குத்து நின்றால் சுகம் என்று நினைத்தேன்: பல்லு வேர்ச் சிகிச்சை அனுபவங்கள்

களுவாஞ்சிகுடி, ஆசிரியை

கீழ்த்தாடை, வலப்பக்கக் கடைவாய்ப் பல்லு. சூத்தை இருப்பது தெரியும். சின்னக் கறுப்புப் புள்ளிதானே என்று விட்டுவிட்டேன். முதலில் பிளேன்ரீ குடித்தால் கூசியது. பிறகு குடித்து முடித்தும் அரை மணித்தியாலம் குத்தியது. கடைசியில் ஒன்றும் குடிக்காமலே, படுத்தால் குத்து. நாலு இரவு கதிரையில் சாய்ந்திருந்தே விடிந்தது. மாமி கராம்பு எண்ணெயைப் பஞ்சில் தொட்டு வைத்துவிடுவா. கொஞ்ச நேரம் கேட்கும், திரும்ப வரும்.

ஐந்தாம் நாள் குத்து நின்றுவிட்டது. சுடச்சுடக் குடித்தும் ஒன்றுமில்லை. மாமி பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தா. நானும் நிம்மதியாகப் பள்ளிக்கூடம் போய்வந்தேன். மூன்று கிழமையில் கன்னம் வீங்கி, வாய் திறக்க ஏலாமல் போனது.

மட்டக்களப்பு டவுனில் பார்த்த பல் டொக்டர் எக்ஸ்ரேயைக் காட்டித்தான் விளங்கப்படுத்தினா. பல்லு வெளியில் கல்லு மாதிரி, உள்ளே நரம்பும் இரத்தக் குழாயும் சேர்ந்த மெல்லிய சதை. சூத்தை அதைத் தொட்டதும் சதை வீங்கப் பார்க்கும். கையில் காலில் என்றால் தோல் விட்டுக்கொடுக்கும், பல்லுக்குள் சுற்றிவரக் கல்லு, இடமே இல்லை. அந்த நெருக்குதல்தான் குத்து. நெருக்கி நெருக்கி இரத்த ஓட்டம் நின்று சதை செத்துப்போகும். எனக்குக் குத்து நின்றது அந்த நாள்தான். செத்த சதையில் கிருமி பெருகி, வேர் நுனியால் தாடை எலும்புக்குள் இறங்கியிருக்கிறது. எக்ஸ்ரேயில் வேருக்குக் கீழே கறுப்பு நிழலாகத் தெரிந்தது அதுதான்.

பார்மசியில் நானாக வாங்கிப்போட்ட கிருமிக் குளிசை ஏன் கேட்கவில்லை என்றும் அப்போதுதான் விளங்கியது. மருந்து இரத்தத்தோடு போகிறது. செத்த பல்லுக்குள் இரத்தமே போகாதே! உள்ளே இருப்பதைத் துப்புரவாக்கத்தான் வேண்டும்.

அந்த வேர்ச் சிகிச்சைக்கு மூன்று தடவை போனேன். விறைப்பூசி போட்டு, பல்லைச் சுற்றி ஒரு ரப்பர் விரிப்பு மாட்டி, மேலே துளையிட்டு, தலைமயிர் மாதிரி மெல்லிய அரங்களால் வேருக்குள் சுரண்டி எடுத்தா. கீழ்க் கடைவாய்ப் பல்லுக்குப் பெரும்பாலும் இரண்டு வேர், அதற்குள் மூன்று கால்வாய், சிலருக்கு நாலும் இருக்குமாம். கழுவுகிற மருந்து, வெள்ளத்துக்குப் பிறகு கிணற்றுக்குக் குளோரின் போட்ட மணம். அதுவும் அந்த இனம்தான். பிறகு உள்ளே வைத்த மருந்து வெற்றிலைச் சுண்ணாம்பின் இனம் என்றதும் மாமிக்கு முகம் மலர்ந்தது. (வீட்டில் யாரும் சுண்ணாம்பு வைத்துவிட வேண்டாம், சதையைச் சுட்டுவிடும்.) கடைசியாக ரப்பர் மாதிரி ஒரு மரப்பாலால் கால்வாய்களை அடைத்து மூடினா.

அக்கரைப்பற்று

டீச்சர், எனக்கு அடுத்த கிழமை நாள் தந்திருக்கு. நோகுமா?

களுவாஞ்சிகுடி, ஆசிரியை

தங்கச்சி, ஊசி போடும்போது எறும்பு கடித்த மாதிரி. பிறகு சத்தமும் அதிர்வும்தான். சீழ் பிடித்திருக்கும் நேரம் விறைப்பு சரியாகப் பிடிக்காமல் போகலாம். நொந்தால் உடனே கையைத் தூக்குங்கோ, பொறுத்துக்கொண்டிருக்க வேண்டாம். எனக்கு இரண்டு நாள் கடித்தால் நொந்தது, பனடோலோடு சரி. டொக்டரின் கதிரையில் பட்டதை விடச் சாப்பிடாமல், நித்திரையில்லாமல் வீட்டில் பட்டதுதான் பெரிது.

கல்முனை

டீச்சர் பல்லை மூடியதோட கதையை நிப்பாட்டிட்டா. மற்றவங்க என் பிழையை விடக்கூடாதெண்டு எழுதுறன். எனக்கும் கடைவாய்ப் பல்லுதான். வேர் வேலை நல்லாத்தான் முடிஞ்சது. மேலே உறை போடவேணும், இல்லாட்டிப் பல்லு பிளக்கும் எண்டு டொக்டர் படிச்சுப் படிச்சுச் சொன்னார். நெல்லு வெட்டு முடியட்டும், காசு வரட்டும் எண்டு எட்டு மாசம் இழுத்திட்டன். ஆடி அமாவாசைக்கு மாமாங்கம் கோயிலுக்குப் போன இடத்தில பிள்ளைகளோட கச்சான் அல்வா கடிச்சன். டக்கெண்டு ஒரு சத்தம். வேர் வரைக்கும் ரெண்டாப் பிளந்து போச்சு. குடைஞ்ச பல்லுக்குச் சுவர்தான் மிச்சம், அது பாரம் தாங்காது. புடுங்கிறதைத் தவிர வேற வழி இருக்கல்ல. போட்ட காசு போனதை விட, காப்பாத்தின பல்லைக் கையில வாங்கினதுதான் இன்னும் மனசில நிக்குது. உறைக்கும் சேர்த்துக் காசைக் கணக்குப் பாத்திட்டுப் போங்க.

காத்தான்குடி

எங்கட வாப்பா மேல் முன்பல்லில் சீழ்க் கட்டியோட ரெண்டு வருசம் இருந்தார். மேல் பல்லில் கை வைச்சா கண் பார்வை போயிரும் எண்டு பயம். எங்கட ஊரில அநேகம் பேர் இப்படித்தான் சொல்லுவாங்க. பல்லுக்குப் போற நரம்பு வேற, பார்வை நரம்பு வேற எண்டு டொக்டர் படம் கீறிக் காட்டின பிறகுதான் சம்மதிச்சார். சீனி வருத்தம் இருக்கிறதால பாவிக்கிற குளிசை எல்லாத்தையும் கொண்டுபோய்க் காட்டினம், சீனி அளவு பார்த்துத்தான் தொடங்கினாங்க. முன்பல்லுக்கு ஒரு கால்வாய்தான், ரெண்டு தடவையில முடிஞ்சது. வந்த அண்டைக்கே பேப்பரை எடுத்து ஒரு கண்ணை மூடி மற்றக் கண்ணால வாசிச்சுப் பார்த்தார். இப்ப உம்மாட பல்லுக்கும் அவரே போய் நாள் எடுத்து வந்திருக்கார்.