மெகா டிரைவில் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2: ரப்பரை மாற்றலாமா, புது கன்ட்ரோலரா?

வணக்கம் நண்பர்களே, ஒரு உதவி வேண்டும். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 என்ற சண்டை கேம், ஆர்கேடுக்கு (காசு போட்டு ஆடும் பெரிய மெஷினுக்கு) நெருக்கமாக வந்தது சூப்பர் நின்டெண்டோ, மெகா டிரைவ் என்ற இரண்டு பழைய வீட்டு கேம் கன்சோல்களில் எதில் என்று எனக்கும் தம்பிக்கும் ஒரு வாரமாக வாக்குவாதம். அவன் சூப்பர் நின்டெண்டோ கட்சி, குரல் விஷயத்தில் அவன் சொல்வது சரிதான். மெகா டிரைவில் ரியூ என்ற வீரன் "ஹடோகென்" என்று கத்தினால் தொண்டை கட்டியது போலக் கேட்கிறது. ஆனால் 1993-இல் மெகா டிரைவுக்கு வந்த ஸ்பெஷல் சாம்பியன் எடிஷனில் நான்கு வில்லன்களையும் நாமே எடுத்து ஆடலாம். சூப்பர் நின்டெண்டோவின் 1992 கேசட்டில் அது முடியாது.

என் சிக்கல் கன்ட்ரோலர். ஆர்கேடில் குத்துக்கு மூன்று, உதைக்கு மூன்று என ஆறு பட்டன். என்னிடம் இருப்பதில் மூன்றுதான். குத்திலிருந்து உதைக்கு மாற ஸ்டார்ட்டை அழுத்த வேண்டும். அதற்குள் எதிராளி காலை வாரிவிடுகிறான். போதாததற்கு, ஷோர்யூகென் என்ற எகிறிக் குத்தும் அடிக்கு முன், கீழ், முன்கீழ் என்று அழுத்தினால் பாதி நேரம் வெறும் குத்துதான் விழுகிறது. பிரித்துப் பார்த்தேன், திசைப் பட்டனுக்கு அடியில் இருக்கும் ரப்பர் ஒரு பக்கம் வழவழவென்று தேய்ந்திருக்கிறது.

ரப்பரை மட்டும் மாற்றினால் போதுமா, இல்லை ஆறு பட்டன் கன்ட்ரோலரே வாங்கிவிடலாமா? பழையது வாங்கியவர்கள் எதையெல்லாம் பார்த்து வாங்கினீர்கள் என்று சொல்லுங்கள். அப்புறம், இரண்டிலும் ஆடியவர்கள் உங்கள் தீர்ப்பையும் எழுதுங்கள், தம்பியிடம் காட்ட வேண்டும்.