கேரவன் நிறுத்த இடமுள்ள தோட்டத்து வீடு: எல்லை தாண்டி வாங்கிய அனுபவம்

கேரவன் என்றதும் பலருக்கு ஷூட்டிங் வண்டிதான் ஞாபகம் வரும். எங்களுடையது டெம்போ டிராவலரில் படுக்கை, அடுப்பு மேடை, கழிவறை எல்லாம் வைத்து மாற்றிக் கட்டியது. 23 அடி நீளம். மேலே இருக்கிற ஏசியோடு பத்தடிக்குக் கொஞ்சம் குறைவான உயரம். கோவையில் அதைத் தெருவில் நிறுத்த இடமில்லாமல் தவித்தோம். என் கணவர் ஓய்வு பெற்றதும் வேலந்தாவளம் தாண்டி கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி பக்கம் வீடு தேடினோம். கேரளம்தான், ஆனால் கடையிலும் பஸ்ஸிலும் தமிழே பேசலாம். பேச்சு புரிகிறதே, பத்திரமும் புரிந்துவிடும் என்று நினைத்ததுதான் தப்பு.

முதலில் பார்த்த வீடு எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. ஓட்டு வீடு, வாசலில் வேம்பு, பின்னால் பதினைந்து சென்ட் வெறும் தரை. அங்கே வண்டியை நிறுத்தி மேலே ஷெட் போடுவது வரைக்கும் மனதில் கணக்குப் போட்டாயிற்று. கரம், அதாவது நிலவரி, கட்டிய ரசீதைக் காட்டினார்கள். மலையாளம் எழுத்துக்கூட்டிப் படிப்பேன். வீடு இருக்கும் பகுதிக்கு 'புரயிடம்' (வயல் அல்லாத, வீடும் தோட்டமும் உள்ள இடம்), பின்பகுதிக்கு 'நிலம்' என்று இருந்தது. நிலத்தை நிலம் என்றுதானே எழுதுவார்கள் என்று மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

பத்திரம் எழுதுகிற பெரியவர் ஒருவர்தான் அந்த ரசீதைப் பார்த்ததும் நிறுத்தினார். "அம்மிணி, இங்க ரெக்கார்டுல நிலம்னா வயலுன்னு அர்த்தம். மண்ணைக் கொட்டி மேடாக்குனீங்கன்னா கேஸாயிரும்" என்றார். 2008இல் வந்த நெல்வயல், நீர்நிலப் பாதுகாப்புச் சட்டத்தைச் சொல்கிறார். வருஷக்கணக்காக உழாமல் காய்ந்து கிடந்தாலும் பதிவேட்டில் என்ன இருக்கிறதோ அதுதான் கணக்கு. வில்லேஜ் ஆபீஸில் அடிப்படை வரிப் பதிவேட்டையும், கிருஷி பவனில் (வேளாண் ஆபீஸ்) டேட்டா பேங்க் என்கிற வயல், நீர்நிலப் பட்டியலையும் பார்க்கச் சொன்னார். டேட்டா பேங்கில் இருந்தால் அதிலிருந்து நீக்க ஃபாரம் 5 கொடுக்க வேண்டும். அதில் இல்லாமல் பதிவேட்டில் மட்டும் நிலம் என்று இருந்தால் ஃபாரம் 6. நாங்கள் பார்த்த இடம் டேட்டா பேங்கிலேயே இருந்தது. விட்டுவிட்டோம். வீட்டுக்கு வந்து அன்றைக்கு இரவு நான் சாப்பிடவில்லை.

இரண்டாவது வீட்டுக்கு இட்டேரி வழியாகப் போக வேண்டும். பத்தடி அகலம், இரண்டு பக்கமும் கிளுவை வேலி. எங்கள் வண்டி தாராளமாகப் போயிற்று. ஆனால் ஆதாரத்தில் (அங்கே பத்திரத்துக்கு ஆதாரம் என்றுதான் பெயர்) 'நடவழி' என்று இருந்தது. நடந்து போகத்தான் பாத்தியம். இன்றைக்குப் பக்கத்துத் தோட்டக்காரர் வண்டியை விடுகிறார். நாளைக்கு அவர் மகன் குறுக்கே கல் நட்டால் எந்தப் பேப்பரைக் காட்டுவது? வண்டி போக வழி என்பதும், எத்தனை மீட்டர் அகலம் என்பதும் ஆதாரத்தில் எழுத்தில் இருக்க வேண்டும். முன்னாதாரத்தையும் (அதற்கு முந்தைய பத்திரம்) கேட்டு வாங்கிப் பாருங்கள்.

மூன்றாவதைத்தான் வாங்கினோம். பஞ்சாயத்து ரோட்டோரம், முழுக்கப் புரயிடம், முன்னால் நிலக்கடலை காயப்போடுகிற சிமெண்டுக் களம். முத்திரைத்தாள் எட்டு சதவீதம், பதிவுக் கட்டணம் இரண்டு சதவீதம் ஆயிற்று. அளவு ஆர் கணக்கில் இருக்கும், ஒரு ஆர் என்றால் ஏறத்தாழ இரண்டரை சென்ட்.

களம் கிடைத்துவிட்டது, இனி வேலையே இல்லை என்று இருந்தோம். முதல் மழையிலேயே சக்கரத்துக்குக் கீழே களம் விரிசல் விட்டுவிட்டது. கடலை காய வைக்கப் போட்ட தளம் இரண்டு அங்குலம்கூட இல்லை, அடியில் கரிசல். சித்தூர் தாலுகாவின் இந்தக் கிழக்குப் பகுதி கரிசல் பூமி, கேரளத்தில் அபூர்வம். மழை பெய்தால் மண் உப்பும், வெயிலில் கை நுழைகிற அளவுக்கு வாய் பிளக்கும். நாலு டன் வண்டியை அது தாங்காது. சக்கரம் நிற்கிற இரண்டு பட்டையை மட்டும் ஒன்றரை அடி தோண்டி, கரிசலை அள்ளிவிட்டு, கிராவலும் ஜல்லியும் போட்டு இறுக்கி, மேலே கம்பி கட்டி ஆறு அங்குலம் கான்கிரீட் போட்டோம். அதற்கப்புறம் ஒரு கீறல் இல்லை.

இன்னொன்று தென்னை. நிழல் என்று அடியில் நிறுத்தாதீர்கள். ஒரே ஒரு நெற்றுத் தேங்காய் விழுந்து சோலார் பேனல் நொறுங்கிப் போனது. ஷெட் போட்டால் ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று தகரத்தைத் தூக்கும். அதனால் தகரத்தைத் தாங்குகிற சட்டங்களை நெருக்கமாகக் கொடுத்து, தகரத்தைப் பிடிக்கிற ஜே போல்ட்டையும் நெருக்கி அடிக்கச் சொன்னோம்.

*

மேலே எழுதிய அக்காவைப் போல எங்களிடமும் கேரவன் உண்டு. நாங்கள் வாங்கியது இடுக்கியில், குமுளியிலிருந்து வண்டன்மேடு போகிற வழியில், ஏலத் தோட்டத்து ஓரமாக ஒரு சின்ன வீடு. அக்கா சொன்ன கரிசல் பிரச்சினை இங்கே இல்லை. இங்கே பிரச்சினை ஏற்றம். கேட்டின் அகலத்தை டேப் வைத்து அளந்தோம், ரோட்டிலிருந்து வாசலுக்கு ஏறுகிற சரிவை யாரும் பார்க்கவில்லை. முன்சக்கரம் ஏறியதும் வண்டியின் வால் பகுதி ரோட்டில் உரசி, கழிவுநீர்க் குழாய் கழன்று வந்துவிட்டது. பின்சக்கரத்துக்கு அப்பால் நீண்டிருக்கிற பகுதி எத்தனை அடி என்று முதலில் அளந்துகொள்ளுங்கள். வாசலை உள்ளே தள்ளிச் சரிவை நீட்டிய பிறகுதான் வண்டி ஏறியது.

பட்டயத்தையும் (அரசு இடம் கொடுத்ததற்கான பத்திரம்) பாருங்கள். இடுக்கியில் பல இடங்கள் 1964ஆம் ஆண்டு நில ஒதுக்கீட்டு விதிப்படி விவசாயத்துக்கும் குடியிருக்கவும் என்று அரசு கொடுத்தவை. சொந்த வண்டியை நிறுத்துவது வேறு, சுற்றுலாக்காரர்களுக்கு வாடகைக்கு விட இடம் போடுவது வேறு. அந்த எண்ணம் இருந்தால் அட்வான்ஸ் கொடுக்கிறதுக்கு முன்னாலேயே வக்கீலிடம் கேட்டுவிடுங்கள்.

*

வீட்டைப் பற்றி மேலே எழுதிய இரண்டு பேரும் நன்றாகச் சொல்லிவிட்டீர்கள். வண்டியை மறந்துவிட வேண்டாம். தமிழ்நாட்டுப் பதிவு வண்டியைக் கேரளத்தில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் அங்கே மறுபதிவு செய்ய வேண்டும், மோட்டார் வாகனச் சட்டம் 47ஆம் பிரிவு. நான் செங்கோட்டைக்காரன், ஆரியங்காவு பக்கம் வீடு வாங்கி ஒன்றரை வருஷம் அப்படியே ஓட்டினேன். ஒரு சோதனையில் நிறுத்திக் கேட்டபோது கையில் எதுவும் இல்லை. பழைய ஆர்.டி.ஓ. ஆபீஸில் என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) வாங்கி, கேரளத்தில் வரி கட்டி, தமிழ்நாட்டில் கட்டிய ஆயுள் வரியில் மீதிக் காலத்துக்கு உண்டானதைத் திருப்பிக் கேட்டு மனுப் போட்டேன். வீட்டுப் பத்திரம் பதிந்த வாரமே என்.ஓ.சி.க்கு எழுதிக் கொடுத்திருந்தால் அவ்வளவு அலைந்திருக்க மாட்டேன்.